ஒரே ஷாட்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் 'ஒரிஜினல்'. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். கிளிசரின் போட்டு அழவைத்து எடுப்பதெல்லாம் ஒரு படமா என்பார். சொந்தக் காசில் எடுப்பவரை யார் என்ன கேட்க முடியும்?

மொத்தம் மூன்று படங்கள். மூன்றிலும் வீட்டு ஆட்களே நடித்தார்கள். நடித்தார்கள் என்று சொல்வதே பாவம், கேமரா ஓடுவதே அவர்களுக்குத் தெரியாது. அதை அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே ஒளித்து வைத்துவிட்டு, கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுவார். அதன்பின் என்ன நடந்தாலும் வெட்டமாட்டார். ஒரே ஷாட். முதல் படத்துக்கு அப்பாவை ஏமாற்றினார், அடுத்ததற்குத் தங்கையை. மூன்றாவதற்கு, "உன் தம்பி லாரியில அடிபட்டுட்டான்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் தரையில் புரண்டு கதறியதை முழுசாக எடுத்து முடித்த பிறகுதான், "சும்மா சொன்னேன்" என்றார். பெற்றவள் போன பிறகு அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

திரையிட்ட அன்று எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து தன் அழுகையைத் தானே பார்த்தாள். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாரும் அவர் பேச்சை நம்பவில்லை. நாலாவது படமும் வரவில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை வைத்துப் பிழைத்தார்.

அந்தக் கடைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. உன் தம்பி வேலை பாக்குற எடத்துல மேல இருந்து விழுந்துட்டான். அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கானாம்."

அவள் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

அலமாரியை அப்படியே கவிழ்த்தார். டப்பாக்கள் அறையெங்கும் உருண்டன. "பாரு, ஒண்ணுமே இல்ல. வா, நேரம் இல்ல."

"இந்தத் தடவ வேற எடமா?" தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. "அவனையும் கூட்டு சேத்தாச்சா?"

அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்லும் வழி தெரியவில்லை. ஐயோ, நாசமாய்ப் போன படமே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார்.

"நல்லாத்தானே நடிக்கிறீங்க. அன்னைக்கும் நீங்களே நடிச்சிருக்கலாம்ல? என்னை ஏன் அழ வெச்சீங்க?" என்றாள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

அவர் பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பேசிய பெண் பக்குவமானவள்.

"அவசரப்பட வேணாம் சார்," என்றாள். "அக்காவ மெதுவாவே கூட்டிட்டு வாங்க."