எழிலரசியின் கால் நாடி

ஊர் உலகமே வாசலைத் தாண்டிக் கிரிவலம் போகும் அடி அண்ணாமலையில் பிறந்தும், மலையை ஒருமுறைகூட முழுசாகச் சுற்றாதவள் எழிலரசி. பாதித் தூரத்திலேயே கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். சித்திரை வெயிலிலும் பாதம் சில்லிட்டிருக்கும். "வெதக் கடை வேலையில ஃபேனுக்கடியில உக்காந்தே பழகிட்ட, ஒடம்பு எங்க வளையும்?" என்பாள் அம்மா சந்திரம்மாள். இருபத்தாறு வயதில் ரத்த அழுத்தம் வந்தபோது பழி கருவாட்டின் மேல் விழுந்தது. இரண்டு வருடம் மாத்திரை விழுங்கினாள். பார்த்தவர்களெல்லாம் கையில்தான் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள்.

புதிதாக வந்த டாக்டரம்மா ஒருவர்தான் தொடையிடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தார். கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. காலிலும் பட்டையைக் கட்டினார். கையில் நூற்றெழுபது, காலில் நூறுகூட இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி, தலைக்கும் கைகளுக்கும் கிளை பிரிந்தபின் ஓரிடத்தில் பிறவியிலேயே குறுகியிருப்பதாக ஸ்கேன் காட்டியது. அதனால்தான் மேலே அழுத்தம் முட்டியது, கீழே ரத்தம் போதவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, குறுகிய இடத்தை விரித்து ஸ்டென்ட் வைக்கலாம். "இத சரி பண்ணாம கர்ப்பமானா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

"கல்யாணம் முடியட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்" என்றாள் சந்திரம்மாள்.

கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை தருமன் வீட்டில், நிச்சயத்துக்கு முன் பெண் அவர்களோடு ஒரு பௌர்ணமிக் கிரிவலம் நடப்பது வழக்கம். அதற்கும் அம்மா வழி வைத்திருந்தாள். பாதையில் மூன்றாவதாக வரும் எமலிங்கம் தாண்டியதும் கூட்டத்தில் நழுவிவிட வேண்டும். அருள்ராஜ் மாமா பைக்கில் ஏற்றி, கடைசியாக வரும் ஈசான்ய லிங்கத்தில் கொண்டுவிடுவார்.

பௌர்ணமி சாயங்காலம் எமலிங்கத்தருகே சந்திரம்மாள் மகளின் இடுப்பில் கிள்ளினாள். எழிலரசி நழுவவில்லை. எல்லோரும் பார்க்க நடைபாதையில் உட்கார்ந்தாள்.

"கால்வாசிகூட நடக்கலியே, அதுக்குள்ளயா?" என்று சிரித்தாள் தருமனின் அம்மா ரேணுகாம்பாள்.

"என்னால முடியாது அத்தை. நெஞ்சிலருந்து காலுக்கு வர்ற பெரிய ரத்தக்குழாய் பொறக்கும்போதே சுருங்கியிருக்கு. வியாழக்கெழம ஸ்டென்ட் வெக்கறாங்க."

சந்திரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வந்துட்டா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"கொஞ்சம் வாய்ப்பு இருக்குனுதான் சொன்னாங்க. வயித்துல இருக்கும்போதே ஸ்கேன்ல பாக்கலாமாம்."

தருமன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்ளோ நாளா வலியோடவா நடந்த?" என்றான்.

"ஆமா. சோம்பேறினு பேரும் வாங்கினேன்."

"வீட்ல பேசிட்டு சொல்றோம்" என்றாள் ரேணுகாம்பாள், மகன் கையைப் பிடித்தபடி.

"பேசுங்க அத்தை. நீங்க என்ன சொன்னாலும் வியாழக்கெழம நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கறேன்."

அவர்கள் கூட்டத்தோடு நடந்து மறைந்தார்கள். தருமன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

"மானத்த வாங்கிட்டியேடி."

"உசுரு வேணும்மா எனக்கு. நீ கூட வர்றியா, நான் தனியா போவட்டா?"

சந்திரம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வியாழக்கெழம வெறும் வயித்தோடவா வரச் சொன்னாங்க?"