மயிலிட்டியோடு நின்ற கப்பல்

இன்னும் வெளிவராத ஒரு வீடியோ கேமுக்காக, காசு போட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு உத்தியோகம்தான். அதற்கும் சம்பளம் உண்டு, அதற்கும் தலையிடி உண்டு. நீங்களும் எங்காவது ஒரு வாடிக்கையாளர் சேவைக் கதிரையில் இருந்து, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். உங்களுக்காவது இது விளங்கக்கூடும். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வல்வெட்டித்துறையில் வலை விற்கிற கடை ஒன்றின் மேல்மாடியில்தான் நாங்கள் மூன்று பேர் வேலை செய்கிற கந்தோர். நிர்மலன்தான் முதலாளி. புரோகிராம் எழுதுகிறவனும் அவனே. கொழும்பில் நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்காக ஊருக்கு வந்தவன். டிலானி படம் கீறுகிறவள். நான் அதற்கு முதல் ஒரு தொலைபேசிக் கம்பனியில் முறைப்பாடு கேட்டுக்கொண்டிருந்தவள். ஏச்சு வாங்கிப் பழகியவள் என்பதுதான் என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம்.

எங்கள் கேமின் பெயர் "பாய்மரம்". பழைய காலத்துப் பாய்க்கப்பல் ஒன்றை, நீங்களே காற்றைப் பார்த்து, பாயைத் திருப்பி, வல்வெட்டித்துறையிலிருந்து றங்கூன் வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கேம் செய்ய முன்னமே, விருப்பமான ஆட்கள் இணையத்தில் காசு போடுவார்கள். அந்தக் காசில் செய்து முடித்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நிர்மலனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். யாராவது அந்தக் கப்பலை ஓட்டிப் பார்த்து, அவன் செய்த கடலைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும்.

எங்கடை நாள் எது?

முதலில் நாங்கள் எழுதிப் போட்ட விளக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆதரவாளர்", "பங்களிப்பு" என்றெல்லாம் நல்ல தமிழில் எழுதியிருந்தோம். லண்டனில் இருக்கிற நிர்மலனின் சித்தப்பா, "தம்பி, ஒண்டும் விளங்கேல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். நிர்மலன் யோசித்தான். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா நடப்பது உபயத்தில். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. செலவும் அவர்களுடையது, மரியாதையும் அவர்களுடையது. எழுதியதை அழித்துவிட்டு, "எங்கள் கேமுக்கு நீங்களும் ஒரு உபயம் செய்யலாம்" என்று போட்டான். அவ்வளவுதான். கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஊர்ச்சனம் முண்டியடித்துக்கொண்டு காசு போட்டது. நாங்கள் மூவரும் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

அடுத்த கிழமையே ரொறன்ரோவிலிருந்து ஒரு ஐயா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, எங்கடை நாள் எது?" என்றார். கேமுக்கு நாள் என்று ஒன்றும் இல்லை, முடிந்ததும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் அனுப்புவோம், வீட்டில் இருந்தபடியே விளையாடலாம் என்று, கம்பனியில் பழகிய குரலில் ஆறுதலாக விளக்கினேன். ஓம், ஓம் என்று பொறுமையாகக் கேட்டார். எல்லாம் விளங்கிவிட்டதாக்கும் என்று நான் மூச்சு விட்டபோதுதான் கேட்டார்:

"அது சரி பிள்ளை, அப்ப எங்கடை நாளுக்கு மேளம் ஆர் பிடிக்கிறது?"

ஆர் முன்னுக்கு?

கூடுதலாகக் காசு போட்டவர்களின் பெயரைக் கேமின் துறைமுகத்தில் நிற்கிற வள்ளங்களில் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. ஒருவர் லண்டன், மற்றவர் பாரிஸ். ஏதோ ஒரு காணி விசயத்தில் கதை பேச்சு இல்லை. தான் மூத்தவன், தன்னுடைய வள்ளம்தான் முதலில் வெளிக்கிட வேண்டும் என்று அண்ணன் எழுதினார். தான் வாய் திறக்காமல் இருப்பதற்காகத் தன்னைப் பின்னுக்கு விடக்கூடாது என்று தம்பி நீளமாக எழுதினார்.

பெரிய அலை எப்படி எழும்ப வேண்டும் என்று நிர்மலன் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு வள்ளமும் ஒரே நேரத்தில் வெளிக்கிடும்படி மாற்றினான். துறைமுக வாசல் ஒடுக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டும் வாசலில் வைத்து மோதின. டிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் சரிவரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் காட்சியை இருவருக்கும் அனுப்பினேன். நல்ல ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது:

"மோதினது பரவாயில்லை, ஆருடைய வள்ளம் மூழ்கினது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பிந்தும் என்ற அறிவித்தல்

தையில் தருவதாகச் சொன்ன கேம் சித்திரைக்குப் போய், சித்திரையிலிருந்து ஆவணிக்குப் போனது. வெளிநாடுகளில் இப்படிப் பிந்தினால் காசு போட்டவர்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கப் போடுவார்கள் என்று நிர்மலன் எனக்கு வாசித்துக் காட்டியிருந்தான். நாலு தரம் அழித்துத்தான் அறிவித்தலை எழுதினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. இதயப் படங்களும் கும்பிடுகிற கைகளும் வந்து குவிந்தன. என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்த ஒரு அக்காவை, ஒஸ்லோவில் இருப்பவரை, கூப்பிட்டு உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்றே கேட்டுவிட்டேன். அவர் என்னைத் தேற்றினார்:

"தேர் எண்டால் பிந்தித்தான் இருப்பிடத்துக்கு வரும், நீங்கள் பதறாமல் இழுங்கோ தங்கச்சி."

ரீசேட்

பிந்துவதற்குப் பிராயச்சித்தமாக, கப்பல் படம் போட்ட ரீசேட் அடித்து எல்லோருக்கும் அனுப்பினோம். கேம் தயாரிப்பவர்கள் இப்படிக் கொடுப்பது உலக வழக்கம். படம் கீறியது டிலானி. உண்மையிலேயே நல்ல படம். இதற்காவது நன்றி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். பாரிஸ் தம்பிதான் முதலில் எடுத்தார். குரலைக் கேட்டாலே தெரிந்தது, மனுசன் மனம் நொந்துபோய்விட்டார். துணி சரியில்லையா, அளவு சிறிதா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். திருவிழா முடிய உபயகாரரைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டத்தில் காளாஞ்சி கொடுப்பதுதானே முறை. அதை எதிர்பார்த்துத்தான் மனைவி பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துப் பார்சலை உடைத்திருக்கிறார்.

"உபயகாரனுக்கு, ஒரு வெத்திலை கூட இல்லாமல், பெனியனோ அனுப்பிறது?"

றங்கூன் எங்கே?

வள்ளம், பெயர், மேளம் என்று ஓடித் திரிந்ததில் கடல் சுருங்கிவிட்டது. (மேளமும் கடைசியில் சேர்த்தோம். கேட்காதீர்கள்.) றங்கூனுக்குப் போக நேரமும் இல்லை, ஆளும் இல்லை. நாகப்பட்டினத்தையும் விட்டோம். கடைசியில் வல்வெட்டித்துறையில் வெளிக்கிட்டு, தொண்டைமானாற்றைத் தாண்டி, கிட்ட இருக்கிற மயிலிட்டி வரைக்கும் போகலாம் என்று முடிவாயிற்று. நிர்மலன் இரண்டு நாள் சாப்பாடு சரியாக இல்லாமல் திரிந்தான். ஆனால் அந்தக் கொஞ்சக் கடலை அவன் ஒழுங்காகச் செய்தான். சோழகக் காற்று எதிரே அடித்தால் நேரே போக முடியாது. கப்பலைக் குறுக்கும் மறுக்குமாகத்தான் ஓட்ட வேண்டும். அந்த ஒரு விசயத்தைத்தான் எல்லாவற்றையும் விடக் கூடுதலான நேரம் செலவழித்து எழுதினான்.

இந்தச் செய்தியைக் காசு போட்டவர்களுக்குச் சொல்வது என் தலையில் விழுந்தது. வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் நேரடியாகக் கேட்டார், றங்கூன் எங்கே என்று. தூரம் குறைந்தாலும் கடல் மிகவும் தத்ரூபமாக வந்திருக்கிறது, மயிலிட்டித் துறைமுகம் அச்சொட்டாக அப்படியே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். டீச்சர் என்னை மறித்தார்:

"மயிலிட்டிக்கு நான் பஸ்ஸிலை போவன், பிள்ளை."

வெள்ளோட்டம்

ஆவணியில் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் கனபேர் ஊருக்கு வந்திருந்தார்கள். வாசிகசாலை மண்டபத்தில் பெரிய திரை கட்டி, கேமைக் காட்டுவது என்று ஏற்பாடு. சனம் வேட்டி சால்வையோடும் பட்டுச்சேலையோடும் வந்து இறங்கியது. நிர்மலன் புதுச் சட்டை போட்டிருந்தான். கை துடைத்துத் துடைத்து நின்றான். திரையில் துறைமுகம் வந்ததும் கைதட்டல். வள்ளங்களில் பெயர் வந்தபோது இன்னும் பெரிய கைதட்டல், கைபேசியில் படம் எடுத்தல். பிறகு கப்பல் வந்தது. "ஆர் முதலில் ஓட்டப் போறியள்?" என்று கேட்டு, நிர்மலன் விளையாட்டுக் கருவியை நீட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனான்.

ஒருவரும் வாங்கவில்லை. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். கப்பல் பாயை விரித்தபடி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வெட்கப்படுகிறார்களா, தெரியாது என்று பயப்படுகிறார்களா? நான் எழும்பிப் போய், மிகவும் லேசு, ஒரு விரலால் அமத்தினால் போதும் என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த லண்டன் சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"உபயகாரரைக் கொண்டே வேலை செய்விக்கிறியளே? நீங்கள் ஓட்டுங்கோ தம்பி, நாங்கள் இருந்து பாக்கிறம்."

வெளியீடு

கேம் வெளிவந்தது. வாழ்த்துகள் வந்தபடியே இருந்தன. நிர்மலன் ஒரு வாழ்த்தையும் வாசிக்கவில்லை. யார் யார் கேமைத் திறந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் மூவரைத் தவிர ஒருவரும் திறக்கவில்லை. ஒரு கிழமை பார்த்தான், இரண்டு கிழமை பார்த்தான். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளையாடிப் பார்த்தீர்களா என்று விசாரித்தேன். எல்லோருக்கும் பரம திருப்தி. நல்லபடியாக ஒப்பேறியதே போதும் என்றார்கள். ஊரில் நிர்மலனுக்கு நல்ல பெயர். கோயில் வீதியில் கூப்பிட்டுக் கைகொடுத்தார்கள்.

எனக்கோ அழுகை வந்தது. ஏச்சு வாங்கத்தான் எனக்குத் தெரியும். பாராட்டி ஒருவனைச் சாகடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கொழும்புக் கம்பனியில் பழைய வேலை இன்னும் இருக்கிறதாம். நிர்மலன் கணினியை நிற்பாட்டிவிட்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மாத முடிவோடை கந்தோரைப் பூட்டுவம் அக்கா, கரைச்சல் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

முறைப்பாடு

மாத முடிவுக்குக் கிட்ட, டிலானி தன் படங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. மயிலிட்டியிலிருந்து ஒரு பெண். உபயம் செய்தவர் அவரில்லை, சுவிஸில் இருக்கும் அவருடைய தமையனாம். கால் முறிந்து வீட்டோடு கிடக்கிற தங்கச்சிக்கு, சும்மா கிடக்கிற சாமான்தானே என்று தமையன் கேமை அனுப்பிவிட்டிருக்கிறார். "ஆர் உந்தக் கேமைச் செய்தது?" என்று எடுத்த எடுப்பிலேயே தொடங்கினார். கம்பனிக் காலத்து ஏச்சு. எனக்குப் பழைய ஞாபகத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"சோழகத்துக்கை விட்டிட்டு, எப்பிடி ஓட்டிறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுறேல்லையே? எத்தினை தரம் தொண்டைமானாத்து மணலிலை கொண்டுபோய் ஏத்தினனான் தெரியுமே? பிறகு நானாத்தான் கண்டுபிடிச்சன், குறுக்காலை குறுக்காலை போகவேணுமெண்டு. கையும் நொந்து கண்ணும் நொந்து ஒருமாதிரி வந்து சேர்ந்தால், இறங்க வழியில்லை! எங்கடை கரை கண்ணுக்கு முன்னாலை தெரியுது, கப்பல் நிண்டு ஆடுது. உது என்ன பொல்லாத கடலப்பா!"

நான் வழக்கம்போல் "மன்னிக்கவும்" என்று வாயெடுத்தேன். குரல் அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். நிர்மலன் உள்ளேயிருந்து வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். முகம் எனக்குப் பிடிபடவில்லை. சிரிக்கிறானா அழுகிறானா என்றே தெரியவில்லை. மயிலிட்டிக்காரி மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். அவன் குனிந்து, தொலைபேசிக்குக் கேட்காமல் என் காதுக்குள் சொன்னான்:

"வைக்க விடாதேங்கோ அக்கா, இன்னும் கொஞ்சம் ஏசச் சொல்லுங்கோ."

காசு போட்டவர்கள் எல்லோரும் திருப்தி, ஒரு சதமும் போடாத ஒருவர் மட்டும் கோபம், அந்தக் கோபத்துக்காகக் கந்தோர் இன்னும் பூட்டாமல் கிடக்கிறது. இதற்கு என்ன பெயர் என்று எங்கள் கந்தோருக்கே கடிதம் எழுதிக் கேட்கலாம்தான், ஆனால் அங்கே கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டியவளும் நானேதான்.