ஒரு ரஜாய், இரண்டு பேர்

எங்கள் வீட்டில் நோய் முதலில் தெரிந்தது ரஜாயில்தான். டிசம்பர் பிறந்தால், தமிழ்நாட்டுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் சாங்வியில் பல் தந்தியடிக்கும். இருவருக்குமாக ஒரே பெரிய ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை) வைத்திருந்தோம். விடிவதற்குள் மொத்தத்தையும் தன் பக்கம் சுருட்டிக்கொள்வது என் கணவரின் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அதற்குத்தான் சண்டை. அன்று காலை, "இதக் கொஞ்சம் எடுத்து விடு புள்ள, காலத் தூக்க முடியல" என்றார். சோம்பல் என்று நினைத்துச் சிரித்தேன்.

மாலைக்குள் அவரால் நிற்க முடியவில்லை. மறுநாள் கைகளும் ஓய்ந்தன. கிலான்-பாரே (உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். நல்லவேளை, மூச்சுக்கு ஆபத்து வரவில்லை. இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் போர்வையைச் சரிசெய்தபோது அதன் நுனி அவர் முகத்தில் விழுந்துவிட்டது. விலக்கக் கை எழவில்லை. நான் பதறி எடுத்தபோது அவர் கண்ணில் இருந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கை மறுபடி எழுமா? எனக்கு வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று.

"வரும். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார் டாக்டர், இந்தியில்.

வீட்டுக்கு வந்த பிறகும் பாதத்தில் துணி பட்டாலே எரிந்தது. மளிகை அட்டைப்பெட்டியை வெட்டிக் கால்மேல் கவிழ்த்து, அதன்மேல் மெல்லிய சாதர் துணியைப் போர்த்தினேன். ரஜாய் பீரோவுக்குப் போனது, நான் பக்கத்துக் கட்டிலுக்கு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு விரல் அசைந்தால் அன்று நல்ல நாள்.

எரிச்சல் அடங்கியதும், குளிர் போவதற்குள், ரஜாயை வெளியே எடுத்தேன். அவர் பக்கத்திலேயே படுத்தேன். விடியற்காலையில் உடம்பு வெடவெடத்து விழித்தால், என்மேல் ஒன்றுமில்லை. எனக்கு முதுகு காட்டி, மொத்தத்தையும் சுற்றிக்கொண்டு கிடந்தார். அவரைத் திருப்பிப் படுக்கவைக்க யாரும் வரவில்லை; தானாகவே புரண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்களா இழுத்தீங்க?"

"பின்னே? குளிருதுல்ல."

இப்போதும் கைத்தடியோடுதான் நடக்கிறார். எனக்கும் உடம்பு மாறிவிட்டது. குளிரில் விழிப்பு வந்தால் நிம்மதியாக இருக்கிறது. அவர் ரஜாயை இழுத்துக்கொண்ட அன்று நடுங்கிக்கொண்டே, அழுதுகொண்டே படுத்திருந்தேன். திருப்பி இழுக்க மனம் வரவில்லை.

மறுநாள் இழுத்தேன். அவர் விடவில்லை.