பாலத்துச் சுவரில் ஒரு டயர்

கடியப்பட்டணத்துக்குத் திரும்பும் வளைவில் சிறு பாலம் ஒன்று உண்டு. அதன் கைப்பிடிச் சுவர் தொடங்கும் முனையில் பழைய லாரி டயர் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. கட்டியது நான்தான். கட்டிக்கொண்டிருந்தபோது மீன் வாங்கிக்கொண்டு போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன மக்கா, பாலத்தப் போட்டுன்னு நெனச்சியா?" என்று கேட்டுச் சிரித்தார். துறைமுகத்தில் முட்டி உடையாமலிருக்க 'போட்டு' என்று நாங்கள் சொல்லும் விசைப்படகுகளின் விலாவில்தான் இப்படி டயர் தொங்கும். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

வளைகுடாவில் ஒரு டிராக் பந்தயத் தடத்தில் நானும் என் கூட்டுக்காரனும் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்தப் பந்தயத்தில் வளைவே கிடையாது. இரண்டு கார்கள் அருகருகே நேர்கோட்டில் பறக்கும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இருபுறமும் வழவழப்பான கான்கிரீட் சுவர். தடத்தைக் கூட்டுவதும் சுவரைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பாடு. அவன் கடியப்பட்டணத்தில் வலை வீசி வளர்ந்தவன், நான் கல்லில் சிலை செதுக்கும் மயிலாடிக்காரன். நான் கட்டிய எந்த முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டான். "இளகிக் கெடக்குலே. கல்லு கொத்துத ஊருக்காரனுக்குக் கயிறு எதுக்கு?" என்பான்.

கான்கிரீட் சுவரை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "ஓட்டுததும் தாய் பெத்த பிள்ளைதானலே" என்று புலம்புவான். அதிகாரியை நச்சரித்து, ஒரு சோதனை ஓட்டத்துக்காகச் சுவரின் ஒரு பகுதியில் டயர்களையும் ரப்பர் மெத்தைகளையும் வரிசையாகக் கட்டிவிட்டான். மோதுகிற வேகத்தை அவை வாங்கிக்கொள்ளும் என்பது அவன் நம்பிக்கை. அன்று ஒரு கார் சற்றே ஒதுங்கிச் சுவரை உரசியது. வெறும் சுவராக இருந்தால் உரசியபடியே வழுக்கிப் போயிருக்கும். மெத்தைக்குள் சக்கரம் புதைந்து மாட்ட, கார் சுழன்று பக்கத்துத் தடத்தில் போய் விழுந்தது. மாதா புண்ணியம், அங்கே அப்போது வேறு கார் இல்லை. ஓட்டியவன் இறங்கி நடந்து வந்தான்.

"போட்டு மெள்ள வந்துல்லா அணையும். இது பறந்துல்லா போவுது" என்று கூட்டுக்காரன் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் எல்லாவற்றையும் அவனே அவிழ்த்தான். உரசுகிற இடத்தில் வழவழப்பு வேண்டும், நேராக வந்து முட்டுகிற இடத்தில்தான் மெத்தென்று இருக்க வேண்டும் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. தடத்தின் கடைசியில், மணல் குழியும் வலையும் இருக்கிற இடத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டான். வேகத்தைக் குறைக்கப் பின்னால் விரிய வேண்டிய பாராசூட் விரியாத கார் ஒன்று ஒருநாள் மணலை உழுதுகொண்டு வந்து அந்த வலையில் நின்றது. "என் வலையில உழுந்து உசிரோட திரும்பிப் போனது இதுதாம்லே மொதத்தடவ" என்று சொல்லி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தை அவன் முகத்தில் இன்னொருமுறை பார்க்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், மழையில் பைக் சறுக்கி, இந்தப் பாலத்துச் சுவரின் முனையில்தான் நேராகப் போய் முட்டினான். இங்கே மணலும் இல்லை, வலையும் இல்லை. அவன் இல்லாத தடத்தில் எனக்கும் நிற்கப் பிடிக்கவில்லை, ஊருக்கே வந்துவிட்டேன்.

ஒரு டயரால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். வெயிலிலும் காற்றிலும் கயிறு தளர்ந்துபோகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி இறுக்கிக் கட்டுகிறேன். கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். அவன் இழுத்துப் பார்க்காத முடிச்சை விட்டுவிட்டுப் போக எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.