ரெண்டரை கிலோ பட்டு எங்கே?

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகம் முழுக்க லண்டன் வியாபாரிகளும் கப்பல் சரக்கும்தான். "நம்ம ஊரு கணக்கச் சொல்லிக்குடுங்க சார்" என்று நான் கத்திக் கத்தி, எங்கள் விரிவுரையாளர் முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டார். ஒரே ஒரு மாணவன் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். தேறினால் அடுத்த வருஷம் எல்லோருக்கும் உண்டு. தேறாவிட்டால் மறுபடி கப்பல்தான்.

அந்த மாணவன் நான். மூன்றாம் நாளே திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். சாயக்காரரிடம் போன கச்சாப் பட்டு பத்து கிலோ, சாயமேறித் திரும்பியது ஏழரை. ஒவ்வொரு தடவையும் இதே கதை. யாரையும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் 'கையாடல்' என்று எழுதி நேராக முதல்வர் மேஜையில் வைத்தேன்.

மறுநாள் முதல்வர் அறையில் சாயக்காரர் நின்றிருந்தார். முழங்கை வரை அரக்குச் சாயம்.

"இன்னாபா, நான் பட்டு திருடினேன்னு எழுதினியாமே?"

"கணக்கு சொல்லுது. ரெண்டரை கிலோ எங்க?"

"சோப்பு போட்டு வேகவெச்சா பட்டுல கீற பசை கரைஞ்சி தண்ணியோட பூடும். அப்பதான் சாயமே புடிக்கும். அந்தத் தண்ணிய கொடத்துல புடிச்சிக்கினு வரட்டா, எட போட்டுக்கிறியா? காலேஜ் படிச்சிக்கினு இதுகூடத் தெரியல!"

முதல்வர் ரிப்போர்ட்டை மூடினார். "இதுக்குத்தான் புத்தகமே போதும்னேன். நாளையிலேர்ந்து யாரும் சங்கத்துக்குப் போக வேணாம்."

எனக்கு நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

"சார், எனக்கு முட்டை மார்க் போடுங்க. ஆனா நிஜமாவே அங்க வேலைக்குப் போயி இப்படி எழுதியிருந்தா இவரு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்திருப்பாரு. இந்தப் பாடம் எந்தப் புத்தகத்துல சார் இருக்குது?"

சாயக்காரர் முதல்வர் பக்கம் திரும்பினார். "தப்ப இங்கியே பண்ணிட்டுப் போவட்டும் சார். பேனாவத் தொறக்கறதுக்கு முன்னாடி எம் பட்டறைக்கு வந்து கேக்கச் சொல்லு, அது போதும்."

முதல்வர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. என் மன்னிப்புக் கடிதம் ஒரு வாரம் சங்கத்து வாசலில் தொங்கியது. பட்டு வாங்க வந்த நெசவாளிகள் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு வகுப்பே சாயப் பட்டறைக்குப் போனது. நான் வேலை தேடிக்கொண்டு சைக்கிளில் அந்த வழியே போனேன். உள்ளே ஒரு ஜூனியர் தராசைப் பிடித்துக்கொண்டு சாயக்காரரிடம் எடை குறைகிறதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இறங்கவா வேண்டாமா என்று நான் ஒரு காலை ஊன்றியபடியே நின்றேன்.