இரண்டாவது மழை

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் எனக்கும் என்னைவிட மூத்த ஒருவருக்கும் மோட்டார் வேலை. தண்ணீர் ஏறினால் இறைப்பது, கேட்டை மூடுவது, ஊரிடம் திட்டு வாங்குவது, அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக மூடி மூடி அவர் பெயரே ‘பூட்டு’ ஆகிவிட்டது.

அந்த வாரம் மழை எங்களைப் படாத பாடு படுத்தியது. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தது. மேலேயோ மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகக் காற்றே இல்லை. மூன்று மணிக்கு இடித்து, நின்ற இடத்திலேயே கொட்டும். ஓய்ந்ததும் அந்த மழையின் குளிர்காற்று பக்கத்துப் புழுக்கத்தை மேலே கிளப்பிவிடும். அரை மணியில் அடுத்த மேகம் தயார். முதல் மழைத் தண்ணீரையே மோட்டார் இறைத்து முடித்திருக்காது. முதல் நாள் இது தெரியாமல், மழை விட்டதும் பூட்டு கேட்டைத் திறந்துவிட்டார். ஒரு கார் மூழ்கி, ஓட்டியவரைக் கயிறு போட்டு இழுத்தோம். அதன் பிறகு இரண்டாவது மழை வடியும்வரை அவர் திறப்பதே இல்லை.

ஐந்தாம் நாள். தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் எரிச்சல், கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். முதல் மழை விட்டு வெயில் அடித்தது. ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் புகுந்து வந்தவள் அவருடைய அக்கா மகள். நாலு மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. இரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

“மாமா, முழங்கால் தண்ணிகூட இல்ல. ரெண்டு நிமிஷம் திறங்க, போயிடுறேன்.”

“இன்னொரு மழை இருக்கும்மா. மேம்பாலம் வழியா போ.”

“அது ஒன்பது கிலோமீட்டர். மணி மூணே முக்கால் மாமா!”

“உனக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். எனக்கே அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

ஐந்து மணிக்கு அக்கா போன் செய்தார். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“இருபது நிமிஷம் லேட்டுன்னு உள்ளயே விடலையாம்டா. அங்க மழை பெய்யுதா?”

அன்றைக்கு அடுத்த மேகம் எங்கோ தள்ளி எழும்பி இடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை.

“வரும்க்கா,” என்றார்.

போனை வைத்துவிட்டு வானத்தையே பார்த்தார். நாலு நாளாக மழையை வாய்க்கு வந்தபடி திட்டிய மனுஷர்.

“வந்து தொலையேன்,” என்றார். “ஒரு பத்து நிமிஷமாவது கொட்டித் தொலையேன்.”

ஆறு மணிக்கு வானம் சுத்தமாக வெளுத்துவிட்டது. சாவியை என்னிடம் நீட்டினார்.

“நீ போய்த் திறந்துடுப்பா. என்னால முடியல.”