எல்வினுக்குச் சாட்சி இருவர்

திருத்துறைப்பூண்டி எல்வின் ஆராய்ந்தது எலக்ட்ரான்களை. அவற்றிலும் கட்டுமீறி ஓடுகிறவற்றை மட்டும். குஜராத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே வளையக் குழாய்க்குள், காந்தத்தின் பிடியில், லட்சக்கணக்கான டிகிரியில் பிளாஸ்மா கொதிக்கும். சாதாரண எலக்ட்ரான் அக்கம்பக்கத்தோடு மோதி மோதியே அடங்கிக் கிடக்கும். ஏதோ ஒன்று ஓர் அளவுக்குமேல் வேகமெடுத்தால் மோதல் குறையும். மோதல் குறையக் குறைய வேகம் ஏறும். கடைசியில் சுவரைத் துளைக்கும். இந்த அடங்காப்பிடாரிகளுக்கு எல்வின் கொடுத்தவை ஒன்பது வருடமும் முன்தலை முடியும்.

1998இல் அவனுக்கு ரோஸ்லினைப் பேசி முடித்தார்கள். நர்ஸ். குவைத் விசா கையில் இருந்தது. கல்யாணம் நடந்தால் போகமாட்டாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பா குழந்தைராஜ் கத்தினார்: "தம்பி, உன் கல்யாணத்தை அறிவிச்சு கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். நீ கல்யாணம் ஆகாதவன்னு அங்கத்தி சாமியார்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்பு!"

அங்கத்திச் சாமியார் ஒரு மலையாளி. எல்வினை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது வருஷமா இந்தப் பங்குக் கோயிலா? பூசையில பார்த்ததில்லையே?"

"மெஷின் ஓடும், ஃபாதர்."

இயந்திரத்துக்கு ஞாயிறு விடுமுறை என்பது ஃபாதருக்குத் தெரியாது.

"உங்களை அறிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

எல்வின் முறைப்படி தேடினான். ஆய்வுக்கூடத் தலைவர் அவனுடைய வரைபடங்களுக்கு மட்டும் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். எதிர்வீட்டார், அந்த வீட்டில் ஆள் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள். வாட்ச்மேன் அவனுடைய சைக்கிளை நன்றாக அறிவார்.

ஃபாதர் இரக்கப்பட்டு உண்மையையே எழுதினார்: "இவரை இங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே மனைவி இருக்க வாய்ப்பில்லை என்று நம்புகிறேன்."

கடிதம் ஊர்போய்ச் சேர்ந்த மறுநாள் ரோஸ்லினே போன் செய்தாள்.

"லெட்டரை வாசிச்சேங்க. நம்ம சாமியார் ஒத்துக்கிட்டாரு. இந்த ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிச்சிரலாமாம்."

"அப்புறமென்ன?"

"குவைத்துலயும் எனக்கு யாரையும் தெரியாது. அங்க தனியா இருக்கறதுக்கும், உங்க வீட்டுல வந்து இருக்கறதுக்கும் என்னங்க வித்தியாசம்? அங்கயாச்சும் சம்பளம் உண்டு." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "வித்தியாசம் இருந்தா சொல்லுங்க. ஒண்ணு சொன்னாப் போதும், விசாவைக் கிழிச்சிடறேன்."

எல்வின் நேர்மையான ஆராய்ச்சியாளன். உறுதிப்படாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

"யோசிச்சு சொல்றேன்" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விமானம் ஏறினாள். எல்வின் சனிக்கிழமைவரை யோசித்தான்.